அம்மாவுக்கு நடமாட்டம் குறைந்தால் அடுப்படி யாருடைய பொறுப்பு?

ஜுரு: பிறை, புக்கிட் மிஞ்ஞாக் தொழிற்பேட்டைகளுக்கு ஆள் ஏற்றும் தொழிற்சாலைப் பேருந்துகள் விடியுமுன்னரே ஓடத் தொடங்கிவிடும் வட்டாரம் இது. பேருந்துக்குக் கிளம்புகிறவருக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். பள்ளிக்குப் போகிற பிள்ளையின் சீருடை தேய்த்திருக்க வேண்டும். சாமி விளக்கு ஏற்ற வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இத்தனையையும் ஒருவர்தான் ஓட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு ஒரு நாள் பக்கவாதம் வந்தாலோ, நீரிழிவால் காலை இழக்க நேர்ந்தாலோ, மூட்டு தேய்ந்து எழ முடியாமல் போனாலோ, வீட்டின் கால அட்டவணையே அவரோடு சேர்ந்து படுத்துவிடுகிறது.

இதை முதியோர் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோயுற்றோர் ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி ஓடினால் பக்கவாதம், கால் புண், சிறுநீரகச் செயலிழப்பு என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அதனால் நம் குடும்பங்களில் பேரப்பிள்ளை எடுத்த பிறகு மட்டுமல்ல, சொந்தப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போதே அப்பாவோ அம்மாவோ நடமாட்டம் குறைந்து உட்காரும் நிலை வருகிறது. வீட்டு வேலைப் பங்கீடு என்ற பேச்சுக்கு அங்கேதான் கனம் கூடுகிறது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் இதை வேறு விதமாக நினைவு வைத்திருப்பார்கள். லயத்தில் ஒரு வீட்டில் ஆள் படுத்துவிட்டால் பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வரும். பெரட்டுக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விடுவார்கள். தண்ணீர் எடுத்துக்கொடுக்க யாராவது ஒரு பிள்ளை ஓடிவரும். அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல முடியாது. கழிவறை வீட்டுக்கு வெளியே இருந்தது. கால் முடியாதவர் அதுவரை போய் வருவதே ஒரு நாள் வேலை. செம்பனையும் பால் மரமும் நின்ற நிலத்தில் தொழிற்பேட்டையும் தாமானும் வந்தபின் வீடு மேம்பட்டது, குழாய் உள்ளே வந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக் கதவும் பூட்டியே கிடக்கிறது, அங்கும் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவதால். முன்பு வரிசையே பகிர்ந்துகொண்ட வேலையை இப்போது நான்கு சுவருக்குள் இருக்கும் மூன்று, நான்கு பேர்தான் பகிர்ந்தாக வேண்டும்.

பங்கிடத் தொடங்கும்போது பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, கண்ணுக்குத் தெரியும் வேலைகளை மட்டும் எண்ணுவது. சமைப்பது, துவைப்பது, கூட்டிப் பெருக்குவது. இவை பாதிதான். அரிசி எப்போது தீரும், மருத்துவமனை தேதி என்றைக்கு, மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்றா, சின்னவனுக்குப் பள்ளிக் காலணி சிறிதாகிவிட்டதா என்பதையெல்லாம் நினைவில் வைத்திருப்பதும் வேலைதான். இதுவரை அம்மாவின் தலைக்குள் இருந்த பட்டியல் அது. கசானா ஆய்வுக் கழகம் 2019இல் கோலாலம்பூரில் சிறிய அளவில் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பள வேலையில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் செலவிட்டார்கள். ஆனால் சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் ஆண்கள் நாளொன்றுக்கு 2.2 மணி நேரமும் பெண்கள் 3.6 மணி நேரமும் கொடுத்தார்கள். ஒருவர் உடம்பு முடியாமல் உட்காரும்போது அந்த மணிக்கணக்கு மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் தலையில் இறங்குகிறது. யார் தலையில் என்பதுதான் கேள்வி.

ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொண்டு பார்ப்பது எளிது. ஜுருவில் ஒரு தெரஸ் வீடு. அம்மாவுக்கு வயது 48. பக்கவாதத்தால் இடது கையும் இடது காலும் பலவீனம். ஊன்றுகோலோடு வீட்டுக்குள் மட்டும் நடப்பார். அப்பா தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டு, வாரம் மாறி வாரம் இரவு வேலை. மகள் எஸ்பிஎம் எழுதப்போகும் ஐந்தாம் படிவ மாணவி. மகன் இரண்டாம் படிவம்.

இந்த வீட்டில் எதுவும் பேசாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை யாரும் ஊகித்துவிடலாம். மகள் காலையில் சமைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவாள். பிறகு அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஒரு நாள் விடுப்பு. பிறகு வாரத்துக்கு ஒரு நாள். மகனோ கைப்பேசியோடு நாற்காலியில் இருப்பான். யாரும் அவளை வற்புறுத்தியிருக்க மாட்டார்கள்; யாரும் அவனைக் கூப்பிட்டிருக்கவும் மாட்டார்கள், அவ்வளவுதான். எஸ்பிஎம் முடிவு வரும்போதுதான் வீட்டில் கணக்குப் பார்ப்பார்கள்.

வெளிநாட்டில் இதற்கு ஒரு பெயரே உண்டு. இங்கிலாந்தில் பெற்றோரைப் பராமரிக்கும் பிள்ளைகளை ‘இளம் பராமரிப்பாளர்’ என்று அடையாளம் காண்கிறார்கள். அவர்களின் தேவையை உள்ளாட்சி மன்றம் மதிப்பிட வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பிள்ளை வீட்டு வேலை செய்வது தப்பு என்பது அதன் பொருள் அல்ல. படிப்பையும் தூக்கத்தையும் தின்னும் அளவுக்கு அது போய்விட்டதா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான். அப்படியொரு ஏற்பாடு இல்லாத இங்கே, அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் வகுப்பாசிரியரும் பள்ளி ஆலோசகரும்தான். அம்மாவின் நிலையைப் பள்ளியில் சொல்லிவைப்பதில் எந்த வெட்கமும் வேண்டியதில்லை.

அந்தக் கற்பனை வீட்டுக்கே திரும்பலாம். வேலைகளைப் பிரிக்கும்போது “யாருக்கு என்ன வேலை” என்று தொடங்காமல், “அம்மா உட்கார்ந்தபடி எதையெல்லாம் செய்ய முடியும்” என்று தொடங்குவது நல்லது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாசத்தினாலேயே அம்மாவிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். இருபது ஆண்டுகள் அடுப்படியை ஆண்டவர் ஒரே வாரத்தில் விருந்தாளி ஆகிவிடுகிறார். அதன்பின் அவர் பேச்சு குறைகிறது, சாப்பாடு குறைகிறது, பயிற்சிக்குப் போக மனம் வருவதில்லை.

காய் நறுக்குவதை உட்கார்ந்தே செய்யலாம். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் பலகை நகராது. துருப்பிடிக்காத இரண்டு ஆணிகளைப் பலகையில் தலைகீழாக அடித்து, அதில் வெங்காயத்தையோ உருளைக்கிழங்கையோ குத்தி நிறுத்தினால் ஒரு கையால் நறுக்க முடியும். மருத்துவமனைகளின் செயல்முறை சிகிச்சைப் பிரிவில் கற்றுக்கொடுக்கும் பழைய உத்திகளில் இதுவும் ஒன்று. கீரை ஆய்வது, பருப்பு பொறுக்குவது, துணி மடிப்பது, மளிகைப் பட்டியல் போடுவது, கடைக்குப் போன் அடிப்பது, இணையத்தில் கட்டணம் கட்டுவது, தம்பியின் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பது ஆகிய அனைத்தும் அம்மாவுக்கே இருக்கலாம். சமையலில் உப்பு, புளி எவ்வளவு என்று தீர்மானிப்பதும் அவருடையதே. கரண்டி பிடிப்பது மட்டும்தான் வேறு கை.

அம்மா செய்யவே கூடாத வேலைகளும் உண்டு. கொதிக்கும் சோற்றைக் கஞ்சி வடிப்பது, எண்ணெய்ச் சட்டியை இறக்குவது, ஈரத் தரையில் மாப்பு போடுவது, உயரத் தட்டிலிருந்து பாத்திரம் எடுப்பது, கேஸ் தோங் மாற்றுவது. வீட்டுத் தோங்கில் எரிவாயு மட்டுமே 14 கிலோ. இரும்பையும் சேர்த்தால் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடைக்காரரே கொண்டுவந்து மாட்டித் தருவார், கேட்டால் போதும். கஞ்சி வடிக்கும் பழக்கத்தை விட்டு ரைஸ் குக்கருக்கு மாறுவதே பல வீடுகளில் பாதி ஆபத்தைக் குறைத்துவிடும்.

பிறகு மகனுக்கு வருவோம். பதினான்கு வயதுப் பையன் பாத்திரம் கழுவலாம், துணியை இயந்திரத்தில் போட்டுக் காயவைக்கலாம், சோறு வைக்கலாம், குளியலறையைத் தேய்க்கலாம். “ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு” என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு விலை கொடுப்பது பேத்தி. பையனுக்கு வேலை கொடுக்கும்போது “அக்காவுக்கு உதவி செய்” என்று கொடுக்கக் கூடாது. அப்படிச் சொன்னால் வேலை அக்காவுடையது என்று ஆகிவிடும். “இரவுப் பாத்திரம் உன்னுடையது” என்று நேராகச் சொன்னால்தான், கழுவாமல் கிடக்கும்போது அவனை நோக்கிக் கேட்க முடியும். அது சரியாக அம்மா கழுவும் விதத்தில் இருக்காது. முதல் மாதம் பிசுக்கோடுதான் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும், மறுபடி எடுத்துக் கழுவினால் அவன் மறுநாள் வரமாட்டான்.

அப்பா இரவு ஷிஃப்டு வாரத்தில் பகலில் தூங்க வேண்டியவர். அவரிடம் தினசரி வேலையைக் கொடுத்தால் முறையும். வாரத்துக்கொரு முறை வரும் கனமான வேலைகள், அதாவது பசாருக்குப் போய் மீன், காய் வாங்கிச் சுத்தம் செய்து பிரித்து வைப்பது, குழம்புக்கு மசாலா அரைத்துக் குளிர்பெட்டியில் அடுக்குவது, மருத்துவமனைச் சந்திப்புக்கு வண்டி ஓட்டுவது போன்றவை அவருக்குப் பொருந்தும். பகல் ஷிஃப்டு வாரத்துக்கு ஓர் அட்டவணை, இரவு வாரத்துக்கு வேறோர் அட்டவணை என்று இரண்டு தாள் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரே தாளில் எழுதினால் இரண்டாம் வாரமே அது பொய்யாகிவிடும்.

எதையும் செய்யாமல் விடவும் கற்றுக்கொள்ள வேண்டும். தினமும் மூன்று கறி வேண்டியதில்லை. போர்வைகளைச் சுயசேவை டோபியில் போடலாம். வாரத்தில் இரண்டு நாள் அடுக்குக் கேரியரில் சாப்பாடு எடுக்கலாம். எல்லா வேலையையும் பழைய தரத்திலேயே செய்ய வேண்டும் என்று நினைத்தால் எந்த அட்டவணையும் நிற்காது.

வீட்டு வேலையையும் உடல் பராமரிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. குளிப்பாட்டுவது, கழிவறைக்குக் கூட்டிச்செல்வது, உடை மாற்றுவது எல்லாம் வேறு வகை. யார் தொடலாம் என்பதைப் படுத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். மகளிடம் தன் உடம்பைக் காட்டக் கூசும் அப்பாவும், மருமகள் வேண்டாம் மகளே வரட்டும் என்று நினைக்கும் அம்மாவும் நம் வீடுகளில் சகஜம். அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், கழிவறைக்கு யாரையும் கூப்பிட வேண்டாமே என்று. நாக்கு வறண்டிருப்பதும் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவதும் அதற்கான அறிகுறி. குளியல் நாற்காலி, சுவரில் கைப்பிடி, குந்தும் கழிவறைக்குமேல் வைக்கும் துளை நாற்காலி ஆகிய மூன்றும் இருந்தால், பலர் மற்றவர் கையை எதிர்பார்க்காமலேயே சமாளித்துவிடுவார்கள்.

தூக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கைகொடுத்தோ எழுப்பக் கூடாது. பக்கவாதம் வந்த தோள் எளிதில் நழுவிவிடும். இடுப்பில் அகலமான பட்டை கட்டி, அவர் பாதம் தரையில் ஊன்றியபின், முன்னே சாய்ந்து எழச் சொல்லி, எழுகிற விசைக்குத் துணை போக வேண்டும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பே இயன்முறை சிகிச்சையாளரிடம் இதை வீட்டில் உள்ள எல்லாரும் செய்து காட்டிக் கேட்பது நல்லது, ஒருவர் மட்டும் அல்ல. அந்த ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் வீட்டில் நோயாளிகள் இரண்டு பேர். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது கீழே விழுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சமையலறைக்கு இறங்கும் ஒற்றைப் படியும், வழுக்கும் கால்மிதியும், இரவில் எரியாத விளக்கும்தான் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பள்ளங்கள்.

நீரிழிவு உள்ளவர் என்றால் இன்னொரு சின்ன வேலையைப் பெயர் எழுதியே ஒருவருக்கு ஒதுக்க வேண்டும்: தினமும் இரவு பாதத்தைப் பார்ப்பது. விரலிடுக்கு, குதிகால், நகம். உணர்ச்சி மரத்த காலில் முள் குத்தினால் அவருக்கே தெரியாது. இரண்டு நிமிட வேலைதான். ‘யாராவது பார்ப்பார்கள்’ என்று விட்டால் யாரும் பார்ப்பதில்லை. இன்சுலின் போட்டபின் சாப்பாடு தாமதமாகக் கூடாது என்பதையும் அடுப்படி அட்டவணை போடுகிறவர் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தனிக் கதை. அண்ணன் சிங்கப்பூரில், அக்கா கோலாலம்பூரில், கடைசிப் பிள்ளை மட்டும் ஜுருவில் என்றால் பெற்றோர் கடைசிப் பிள்ளையின் பங்காகிவிடுகிறார்கள். பணம் அனுப்புகிறவர் தன் கடமை முடிந்தது என்று நினைக்கிறார். கூட இருப்பவர் தான் மட்டும் மாட்டிக்கொண்டோம் என்று நினைக்கிறார். சண்டை பெரும்பாலும் தீபாவளிக்குத்தான் வெடிக்கும். தூரத்தில் இருப்பவரும் வேலை எடுக்க முடியும்: மருத்துவமனைத் தேதிகளைக் கணக்கு வைப்பது, விண்ணப்பப் பாரங்களை நிரப்புவது, தினமும் மாலை அம்மாவோடு அரை மணி நேரம் பேசுவது. அந்த அரை மணியில் கூட இருப்பவர் வெளியே போய் நடந்துவிட்டு வரலாம். வருடாந்தர விடுப்பில் ஒரு வாரம் வந்து முழுப் பொறுப்பையும் ஏற்பது, பணத்தைவிடப் பெரிய உதவி. ஒரு வாரம் செய்து பார்த்தவர் அதன்பின் பேசும் தொனியே வேறு.

இனி, வெளியிலிருந்து கிடைக்கும் உதவி. முதலில் வாங்க வேண்டியது மாற்றுத்திறனாளி அட்டை, அதாவது ஓகேயு அட்டை. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ்ச் சமூக நல இலாகா வழங்குவது. மருத்துவரின் உறுதிப்படுத்தலோடு விண்ணப்பிக்க வேண்டும். “அம்மாவுக்கு ஓகேயு என்று முத்திரை குத்துவதா” என்று தயங்கியே ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பிற சலுகைகள் பலவற்றுக்கும் வாசல் இந்த அட்டைதான். வருமான வரி கட்டும் பிள்ளைகள் பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை விலக்கு கோரலாம். பதிவு பெற்ற மாற்றுத்திறனாளிப் பெற்றோருக்குச் சக்கர நாற்காலி போன்ற சாதனம் வாங்கினால் தனியாக 6,000 வெள்ளி வரை உண்டு. இரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

படுக்கையிலேயே இருப்பவரை முழுநேரமாகப் பார்த்துக்கொள்ளும் வசதி குறைந்த குடும்பத்துக்கு, சமூக நல இலாகாவில் மாதாந்தர உதவித்தொகை உண்டு. தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து உதவும் திட்டமும் அங்கேயே இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய படுக்கை நோயாளிகளுக்கு, கிளினிக் கெசிஹாத்தான் குழுவினர் வீடு தேடி வந்து புண் கட்டுவது, குழாய் மாற்றுவது போன்றவற்றைச் செய்து பராமரிப்பவருக்கும் பயிற்சி தருகிறார்கள். 2014 முதல் இருக்கும் சேவை இது. வெளியேறும்போதே வார்டில் இதைக் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். பினாங்கில் தேசியப் பக்கவாதச் சங்கத்தின் மையமும் இருக்கிறது. 1996இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கிய ஜேனட் இயோ, தாமே பக்கவாதத்திலிருந்து மீண்டவர்.

வேலையில் இருக்கும்போதே முடியாமல் போனவர் 60 வயதுக்குக் குறைந்தவராக இருந்து, சொக்சோ சந்தாவும் போதிய அளவு கட்டியிருந்தால் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். எப்போதும் ஒருவர் துணை வேண்டும் என்ற நிலையானால் துணைப் பராமரிப்புக்கெனத் தனிப்படியும் உண்டு. சம்பள வேலைக்குப் போகாத இல்லத்தரசிகளுக்கு நீண்ட காலம் எதுவும் இல்லாமல் இருந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, அவ்வாண்டு டிசம்பர் 1 முதல், 55 வயதுக்குக் குறைந்த இல்லத்தரசிகள் ஆண்டுக்கு 120 வெள்ளி செலுத்திச் சொக்சோ பாதுகாப்புப் பெறலாம். அடுப்படியில் நேரும் விபத்தும் அதில் அடங்கும். ஆனால் நோய் வந்தபின் தேடிப் போகிற திட்டம் அல்ல இது. மாமியாரின் பராமரிப்பைக் கையில் எடுத்திருக்கும் மருமகளின் பெயரில் இன்றே கட்ட வேண்டியது.

தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு: 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித்தரக் கேட்டு முதலாளிக்கு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கலாம். அவர் 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுதித் தர வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெற்றோரைக் கவனிக்கவென்று தனி விடுப்பும் அச்சட்டத்தில் இல்லை. இருந்தாலும் நிரந்தர இரவு ஷிஃப்டு அல்லது நிரந்தரப் பகல் ஷிஃப்டு கேட்டு எழுதிப் பார்ப்பதில் இழப்பொன்றுமில்லை. வாய்வார்த்தையாக மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டுத் திரும்புவதைவிட அது மேல்.

அட்டவணையை மூன்று மாதத்துக்கொரு முறை திருத்த வேண்டியிருக்கும். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பெரும்பாலான முன்னேற்றம் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் தெரியும். முதல் மாதத்தில் முடியாத வேலை நான்காம் மாதத்தில் முடியலாம். துணி மடிக்கும்போது பலவீனமான கையால் ஓரத்தை அழுத்திப் பிடிப்பது, கீரைக்கட்டை அந்தக் கையால் நகராமல் நிறுத்துவது எல்லாமே பயிற்சிதான். சிகிச்சையாளரிடம் அடுத்த முறை போகும்போது, வீட்டில் அம்மா இப்போது என்னென்ன வேலை செய்கிறார் என்று எழுதிய அந்தக் குளிர்பெட்டித் தாளையும் எடுத்துச் செல்லலாம். எந்த வேலையைக் கூட்டலாம், எதை நிறுத்த வேண்டும் என்பதை அவர் அதைப் பார்த்துச் சொல்வார்.